நார்வே கப்பலா, கிரீன்லாந்து கப்பலா?

அம்மாவுக்குக் கரடுமுரடான கடலோரத்தில் கப்பலில் போக ஆசை. மதுரையில் உட்கார்ந்து இரண்டு வழிகளை அலசினேன்.

நார்வேயின் கடலோரக் கப்பல் 1893 முதல் ஓடுகிறது. பெர்கனில் ஏறினால் வடகிழக்குக் கோடியில் உள்ள கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வர 12 நாள். சில சின்ன ஊர்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். மாட்டுத்தாவணியில் பார்சல் இறக்கும் பஸ் மாதிரி, சரக்கை இறக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

கிரீன்லாந்தின் ‘சர்ஃபாக் இட்டுக்’ கப்பல் வேறு ரகம். அங்கே ஊருக்கு ஊர் சாலையே கிடையாது. அதனால் சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகும் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து பயணம். இலுலிசாட் பக்கம் பனிமலைகள் மிதக்கும். சிறிய கப்பல், எளிமையான படுக்கை.

என் மனசு கிரீன்லாந்தில்தான். ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி. நல்ல அறை வேண்டும். சரி, முதலில் நார்வே.