எழுபது ரூபாய்க்கு ஓர் உயிர்ச் சாட்சி

நவம்பர் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விசாரிப்புதான்: "ஏட்டி, உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டியா?"

பாளையங்கோட்டையில் 1976 முதல் 79 வரை பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர்கள் நாங்கள். 38 பேரில் குழுவில் இப்போது 23 பேர் இருக்கிறோம். முன்பெல்லாம் பிள்ளை கல்யாணம், பேத்தி பிறந்தது என்று படம் வரும். இப்போது முட்டி, சர்க்கரை, கண்புரை. அப்புறம் பென்ஷன். நான் ரயில்வே, டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே காலம் ஓடி 2018-ல் ஓய்வு பெற்றேன். எங்களைப் போன்ற மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் வருடா வருடம் நவம்பரில், உயிரோடுதான் இருக்கிறோம் என்று வாழ்நாள் சான்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசில் இருந்த டீச்சர்களுக்கு வேறு கணக்கு, அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில வருடங்கள் வங்கிக்குத்தான் போனேன். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. ஒரு தடவை டோக்கன் வாங்கிக்கொண்டு பதினொன்றரை வரை நின்ற பிறகு, "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்றார்கள். எதிரே நிற்கிறேன், மூச்சு விடுகிறேன், அது போதவில்லை. கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து இதே பதிலை எத்தனையோ பேரிடம் சொன்னவள் நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

போன நவம்பரில்தான் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கும் சேவையைப் பிடித்தேன். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் 2020-லிருந்து நடக்கிறது. கட்டணம் 70 ரூபாய், ஜி.எஸ்.டி. உட்பட. உங்கள் பென்ஷன் எந்த வங்கியில் வந்தாலும் சரி, இந்தத் தபால் வங்கியில் கணக்கு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தபால் துறையின் போஸ்ட் இன்ஃபோ செயலியில் பதிவு செய்யலாம். நான் தெருவில் தபால் போட வந்த பெண்ணிடமே சொல்லிவைத்தேன். மறுநாள் மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவின் எண்), பென்ஷன் வரும் கணக்கு எண், மொபைல் எண், இவ்வளவுதான் கேட்டாள். போனில் தட்டிக்கொண்டே, "மறுபடி எங்கயும் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களாம்மா?" என்றாள். இல்லை. "மறுமணம்?" பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு செருமல் செருமினார். அந்தப் பெண் நிமிரவே இல்லை. படிவத்தில் இருக்கிறது, கேட்கிறாள்.

பிறகு கைரேகை. வலது ஆள்காட்டி விரல் மூன்று தடவையும் தோற்றது, கட்டைவிரலும் அப்படியே. தேங்காய் துருவியும் பாத்திரம் தேய்த்தும் 67 வயதில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? "விரலைத் தலைமுடியில லேசாத் தேய்ச்சிட்டு வைங்கம்மா" என்றாள். தலையில் இருந்த எண்ணெய்ப் பசை விரலில் ஏறி, இடது நடுவிரல் ஒட்டிக்கொண்டது. உடனே பிரமாண் எண், அதாவது சான்றின் எண், குறுஞ்செய்தியில் வந்துவிட்டது. வங்கிக்குக் காகிதம் எதுவும் கொண்டுபோக வேண்டாம், தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மோர் குடித்துவிட்டுப் போனாள்.

செலவில்லாத வழியும் இருக்கிறது. 2021-லிருந்து ஸ்மார்ட்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். இந்தச் சான்றுக்கென்றே இருக்கும் ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதாரின் முக அடையாளச் செயலியும் வேண்டும். எங்கள் சென்னைக்காரி அப்படித்தான் கொடுத்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னதாம், சிமிட்டினாளாம், முடிந்துபோயிற்றாம். கோவில்பட்டிக்காரிக்கு அது சரிப்படவில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்தாள், அவளும் தபால்காரரைத்தான் கூப்பிட்டாள். போனில் பழக்கமும் பக்கத்தில் ஒரு பேரனும் இருந்தால் முகத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் 70 ரூபாயைப் பார்க்காதீர்கள், ஆட்டோவுக்கே அதைவிடக் கூட ஆகும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பி.பி.ஓ. எண்ணை அட்டையைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள், ஓர் இலக்கம் பிசகினாலும் சான்று தள்ளுபடியாகிவிடும். ஆதாரில் உள்ள பெயரும் பென்ஷன் புத்தகத்துப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று அக்டோபரிலேயே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய எங்கள் காலத்துப் பெண்களுக்கு இது பெரிய வில்லங்கம்.

தபால்காரர் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை என் விரல்களுக்கு.

அன்று சாயங்காலம் குழுவில் "கொடுத்தாச்சு" என்று போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. தூத்துக்குடிக்காரி மட்டும் ராத்திரி பத்து மணிக்கு எழுதினாள். வீட்டுக்காரர் போய் மூன்று வருடம், குடும்பப் பென்ஷன் வாங்குகிறாள். அவள் வீட்டுக்கும் அன்றுதான் தபால்காரர் வந்திருக்கிறார்.

"எங்கிட்டயும் மறுமணமான்னு கேட்டாரு ஏட்டி. யோசிக்காம இல்லைன்னுட்டேன். அவசரப்பட்டுட்டேனோ?"