பேட்டரி மாற்றும்போது காரின் நினைவைக் காப்பதா, மறக்கவிட்டுப் பழக்குவதா?

பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் பெட்ரோல் காருக்கு இதுவரை மூன்று முறை பேட்டரி மாற்றியாயிற்று. மூன்று முறையும் மூன்று வழி. முதல் முறை கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையிலிருந்து ஏசி போட்டுச் சிக்னலில் நின்றபோதெல்லாம் இன்ஜின் அணைந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பணிமனைக்குக் கொண்டுபோய் ஸ்கேனர் வைத்துச் சரிசெய்தேன். இரண்டாம் முறை அந்தத் தொல்லையே வேண்டாமென்று மெமரி சேவர் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். மூன்றாம் முறை, அதாவது சென்ற மாதம், இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, வண்டி மறந்ததையெல்லாம் நானே திரும்பப் பழக்கினேன். இனி எனக்கு மூன்றாவது வழிதான்.

மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எது அழியும் என்பதில் தேவையற்ற அச்சம் நிறைய இருக்கிறது. சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் பதிவு மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் இருப்பதால் அழிவதில்லை. கடிகாரமும் எஃப்எம் அலைவரிசைகளும் அழியும். அவை ஒரு பொருட்டல்ல. ஸ்விட்சை ஒருமுறை தட்டினாலே முழுவதும் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடி அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். சில வண்டிகளில் ஸ்டியரிங் கோண உணரி நேர்நிலையை மறந்து, வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் விளக்கு எரியத் தொடங்கும். உண்மையில் தொல்லை தருவது, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பற்றி, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ கற்றுவைத்திருந்த கணக்கு அழிவதுதான்.

த்ராட்டில் பாடியின் தட்டைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் கரி படிகிறது. காற்று நுழையும் இடுக்கு குறையக் குறைய, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஐட்லிங் வேகம் இறங்காதபடி ஈசியூ அந்தத் தட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து ஈடுசெய்கிறது. இந்த ஈடுகட்டும் அளவு பல வண்டிகளில் பேட்டரியின் மின்சாரத்தை நம்பியிருக்கும் நினைவகத்தில்தான் இருக்கிறது. அது அழிந்ததும், த்ராட்டில் பாடி புதிதாகவும் சுத்தமாகவும் இருப்பதாகவே ஈசியூ எண்ணிக்கொள்கிறது. கரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காற்று போதாமல் இன்ஜின் தள்ளாடுகிறது, ஏசி கம்ப்ரசரின் சுமையும் சேர்ந்தால் நின்றே விடுகிறது. பேட்டரி கடைக்காரர் மீது அன்று எனக்கு வந்த கோபம் பாதி நியாயமற்றது. அவர் பொருத்தியதில் பிழை ஏதுமில்லை, சொல்லாமல் போனதுதான் பிழை.

மெமரி சேவரின் கருத்து எளியது. ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் ஊசியில் சாவி போடாதபோதும் 12 வோல்ட் இருக்கும். யூபிஎஸ் கருவிகளில் வருகிற 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை அதன் வழியாக இணைத்துவிட்டால், பெரிய பேட்டரியைக் கழற்றிய நேரத்திலும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 9 வோல்ட் வகையும் உண்டு. சாவியை எடுத்ததும் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும் வண்டிகளில் அது வெறும் அலங்காரம். நான் பயன்படுத்தியது ஓபிடி வகை. அது சொன்னதைச் செய்தது. கடிகாரம்கூட ஒரு நிமிடம் பிந்தவில்லை.

ஆனாலும் அதை நான் கைவிட்டதற்கு ஒரே காரணம், பேட்டரியை நாம் எப்போது மாற்றுகிறோம் என்பதுதான். நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய பேட்டரியை, நன்றாக இருக்கும்போதே மாற்றுபவர் எத்தனை பேர்? ஒரு காலையில் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்ற ஒலியோடு நின்ற பிறகுதான் கடையைத் தேடுகிறோம். விளக்குகூட எரியாத அளவுக்கு மின்னழுத்தம் விழுந்திருந்தால் நினைவு அப்போதே போயிருக்கும், காப்பதற்கு ஒன்றுமில்லை. முழுவதும் விழாமல் 10 வோல்ட்டில் கிடக்கும் பேட்டரியோ இன்னும் சிக்கல். நன்றாக மின்னேற்றிய சிறிய பேட்டரியை ஓபிடி வழியாக அதனுடன் சேர்த்த கணமே, மெல்லிய கம்பியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடலாம். ஆக, பழைய பேட்டரி நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்யும். எனக்கு அது பலித்ததும் அந்த ஆண்டு நெடும்பயணத்துக்கு முன் எச்சரிக்கையாக முன்கூட்டியே மாற்றியதால்தான்.

கழற்றிய பாசிட்டிவ் டெர்மினலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பானெட்டுக்குள் எங்கு தொட்டாலும் இரும்பு. தடித்த ரப்பர் கையுறையை அந்த டெர்மினல் மீது மாட்டிவிட்டுத்தான் வேலை செய்தேன்.

பணிமனை வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்கேனர் இருந்தால் த்ராட்டில் பழக்கும் வேலை சில நிமிடங்களில் முடியும். செலவும் காத்திருப்பும் மட்டுமே குறை. பிஎம்டபிள்யூ போன்ற, நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரி உணரி வைத்திருக்கும் கார்களில் மட்டும் வேறு வழி தேட வேண்டாம். பேட்டரியின் வயதையும் கொள்ளளவையும் கணக்கில் வைத்தே அவை மின்னேற்றுகின்றன. புதியது வந்ததைப் பதிவுசெய்யாவிட்டால், பழைய பேட்டரிக்கு ஏற்ற முறையிலேயே புதியதையும் நடத்தும். அத்தகைய வண்டியை நான் வைத்திருந்ததில்லை என்பதால் இதற்குமேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இனி என் வழி. முதலில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப மின்சாரம் வரும் நொடியில் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. செக் இன்ஜின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் கழற்றுவதற்கு முன்பே அதற்கான கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரால் படித்துவிடுவது நல்லது. பேட்டரியைக் கழற்றினால் விளக்கு அணையலாம், கோளாறு அணையாது; பழைய கார் விற்பவர்களில் சிலருக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

பேட்டரி வெளியே இருந்த இடைவேளையில் த்ராட்டில் பாடியையும் அதற்குரிய கிளீனரால் துடைத்தேன். நினைவை அழியவிடுவதன் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. பழைய கணக்கு அப்படியே இருக்க, கரியை மட்டும் துடைத்தால், கூடுதலாகத் திறந்த தட்டு வழியே காற்று அதிகமாக நுழைந்து ஐட்லிங் ஏறிவிடும். எப்படியும் புதிதாகப் பழக்கத்தான் வேண்டும்.

பழக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஹோண்டாவின் பணிமனைக் கையேடுகள் சொல்வது நல்ல எடுத்துக்காட்டு: விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, சாவியை ஆன் நிலையில் 2 விநாடி வைத்து, பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை பிடிக்க வேண்டும், அதன்பின் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஏறத்தாழ 5 நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும், விசிறி சுழலும் நேரத்தை அந்த ஐந்தில் சேர்க்கக் கூடாது. என் வண்டிக்குரிய முறையும் ஏறக்குறைய இதுதான். விசிறி இரண்டு முறை சுழன்றதால் ஐந்து நிமிடம் எனக்குப் பத்து நிமிடத்தைத் தாண்டியது. அந்தப் பொறுமைதான் பலருக்கு வாய்ப்பதில்லை. நடுவில் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

கண்ணாடிக்கு, முழுவதும் ஏறிய பிறகும் ஸ்விட்சைச் சில விநாடி தூக்கிப் பிடித்தால் போதும். ஸ்டியரிங் உணரியால் ஈஎஸ்பி விளக்கு எரிந்தால், பெரும்பாலும் இருபுறமும் கடைசிவரை ஒருமுறை திருப்பிவிட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டினால் அணைந்துவிடும். ஈசியூவின் தற்சோதனைப் பதிவுகளும் அழிந்திருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்த நிலையில் புகைச் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், நம் பியூசி சோதனையோ புகைக்குழாயில் வருவதை மட்டுமே அளக்கிறது.

என் வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு. மின்சாரம் போய் வந்ததும் குறியீட்டு எண் கேட்கும் பழைய ரேடியோ இருந்து, அந்த எண் அச்சிட்ட அட்டை கையேட்டு உறையில் இல்லாமல் போயிருந்தால், பேட்டரி சாவதற்கு முன்பே மெமரி சேவரோடு மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.