குன்னூர் இறக்கத்தில் 61,000 கிலோமீட்டர்: ஒரு சிறிய டர்போவும் வரப்போகும் ஸ்போர்ட்ஸ் கார்களும்

2021 பிப்ரவரியில் வாங்கிய என் கார் இந்த மாதம் 61,000 கிலோமீட்டரைக் கடந்தது. ஒரு லிட்டர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், முன்னால் இரண்டு ஏர்பேக், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்கி விலகாமல் காக்கும் ஈ.எஸ்.சி. எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு ஆகியவை கொண்ட ஹேட்ச்பேக் அது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் குடும்பத் தேவையும் சமரசம் செய்துகொண்ட வண்டி என்று சொல்லலாம். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் வண்டி விற்றிருப்பதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீடு குன்னூரில் இருக்கிறது; வாரத்துக்கு இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். அடுத்து வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் எந்த இன்ஜின் இருக்கும், எத்தனை குதிரைத்திறன் வரும் என்று கார்ப் பித்துப் பிடித்த நண்பர்கள் பேசும்போது நானும் கலந்துகொள்வேன். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஏற்றத்தோடு நின்றுவிடுகிறது. ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஏற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். ஊட்டியின் 2,240 மீட்டரில் அது 76 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் தனக்குக் கிடைக்கும் காற்றைத்தான் இழுக்க முடியும் என்பதால், அதன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குன்னூர் வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். டர்போ இல்லாத 2.4 லிட்டர் இன்ஜினிலிருந்து 228 குதிரைத்திறன் தரும் டொயோட்டா ஜி.ஆர். 86 ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால், 180-ஐ ஒட்டிய திறன்தான் மிஞ்சும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. முன்பு நான் வைத்திருந்த 1.6 லிட்டர் டர்போ இல்லாத வண்டி இதே பாதையில் மரப்பாலம் என்ற இடத்துக்கு மேல் மூச்சு வாங்கியதையும், இந்தச் சிறிய இன்ஜின் அதே இடத்தில் மூன்றாம் கியரில் சளைக்காமல் ஏறுவதையும் ஒப்பிட்டால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. கொண்டை ஊசி வளைவில் வேகம் இழந்து, இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 1,500-க்குக் கீழே போனபின் டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் அந்த ஒரு நொடி மட்டும் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை.

இறக்கம் வேறு கதை. வளைவுக்கு வளைவு ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். பழைய 1.6 லிட்டர் வண்டியில் அதைச் செய்துவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வண்டி தானாகவே அடங்கி இறங்கும். இப்போதைய வண்டி அதே கியரில், அதே சரிவில், 40-ஐத் தாண்டி ஓடப் பார்க்கிறது. கியர் விகிதங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், வண்டியை அடக்க, ஒரு லிட்டர் இன்ஜினால் ஒரு லிட்டருக்கு உரிய பிடிப்பைத்தான் தர முடியும். டர்போ ஏறும்போது கூட்டும் பலம் இறங்கும்போது உதவிக்கு வருவதில்லை. விளைவாக, முன் பிரேக் பேடுகளை முதல்முறை 19,000 கிலோமீட்டரிலேயே மாற்றினேன். பழைய வண்டியில் 30,000 வரை வந்தன. குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் இருக்கும் என் மெக்கானிக் பேடைக் கையில் எடுத்துப் பார்த்து, “இன்ஜின் சின்னதாகிக்கொண்டே போனால் எங்களுக்கு நல்லதுதான் சார்” என்றார்.

இந்த இடத்தில்தான், இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பற்றிய ஊகங்களை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். மெர்சிடீஸ்-ஏ.எம்.ஜி. தன் சி 63 காரில் எட்டு சிலிண்டர் கொண்ட 4 லிட்டர் வி8 இன்ஜினை எடுத்துவிட்டு, 2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு மின்மோட்டாரைச் சேர்த்தபோது, ரசிகர்கள் சத்தம் போனதே என்று வருந்தினார்கள். எனக்குத் தோன்றிய கேள்வி பேட்டரியைப் பற்றியது; இறங்கும்போது அந்த மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி, கிடைக்கும் ஆற்றலைப் பேட்டரியில்தான் சேர்க்கிறது. 2,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறங்கினால், விடுபடும் ஆற்றல் 8 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வரும். அதன் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 6.1 யூனிட். டயர் உராய்வும் காற்றின் தடையும் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டாலும், வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்குபவருக்கு அந்த ஆற்றலைச் சேர்த்துவைக்க இடமே இருக்காது. அப்போது வேலையில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கின் தலையில் வந்து விழும். மலையில் இருப்பவர்கள் சார்ஜைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில் உள்ள பர்லியாரில் சக்கரம் புகைய ஓரம் கட்டி நிற்கும் சமவெளி வண்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பாதுகாப்புச் சாதனங்களில் என் வண்டியில் இருப்பவற்றில் காசுக்கு நியாயம் செய்தது ஈ.எஸ்.சி. கோத்தகிரி சாலையில் ஐப்பசி மழைக்குப் பிறகு சில்வர் ஓக் இலைகள் ஒட்டிக் கிடக்கும் வளைவுகளில் அந்த மஞ்சள் விளக்கு மினுக்கியதை நான் குறைந்தது பத்து முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை பின்பக்கம் விலகத் தொடங்கியதை உணர்ந்து நான் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் அது வேலையை முடித்துவிட்டது. ஏர்பேக்குகள் இதுவரை விரியவில்லை, அவை விரியாமலே இருக்கட்டும்.

கேமராவும் ரேடாரும் கொண்ட உதவிச் சாதனங்கள் என் வண்டியில் இல்லை. கோவையிலிருந்து என் மைத்துனர் அவை பொருத்தப்பட்ட புதிய வண்டியில் வந்தபோது காட்டேரி வளைவுகளில் உடன் சென்றேன். சாலைக் கோடு தெரியாத இடத்தில் அந்தச் சாதனம் கோட்டினைத் தேடியது. வளைவில் எதிரே வந்த பேருந்தை மோதப்போவதாக நினைத்துத் தானே பிரேக் போட்டது. பின்னால் வந்த லாரி ஹார்னை அழுத்திப் பிடித்தது. “மாமா, இதை எங்கே அணைப்பது?” என்று அவர் கேட்டபோது இருவரும் திரையில் தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் அன்றிரவு திரும்பும்போது, வண்டிச்சோலை அருகே சாலை நடுவில் நின்ற காட்டெருமையை எங்கள் கண்ணுக்கு முன்பாகவே காட்டிக் கொடுத்தது, வளைவோடு திரும்பும் அதே வண்டியின் முகப்பு விளக்கு. ஒரே வண்டிதான்; ஒரு சாதனம் மலைக்குப் பொருந்தியது, மற்றொன்று பொருந்தவில்லை.

வரப்போகும் ஸ்போர்ட்ஸ் கார்களின் தலையெழுத்தை இன்ஜினைவிட இந்தச் சாதனங்களே எழுதுகின்றன என்பது என் கணிப்பு. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் தானியங்கி அவசர பிரேக்கும் வேக எச்சரிக்கையும் கட்டாயமாயின, அதனாலேயே ஜி.ஆர். 86 அங்கே இரண்டே ஆண்டில் கடையைக் கட்டியது. அதே மாதம் வந்த, காரின் கணினிகளை ஊடுருவலிலிருந்து காக்கும் மின்னணுப் பாதுகாப்பு விதி, போர்ஷே 718 ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் வரிசையில் பெரும்பகுதியை அந்தச் சந்தையிலிருந்து அகற்றியது. 2016-இல் ஆறு சிலிண்டரை நான்காகக் குறைத்ததற்கு எழுந்த கூச்சலைத் தாங்கி நின்ற கார், கணினி விதிக்குமுன் நிற்கவில்லை.

எடையைக் கூட்டாமல் இதையெல்லாம் எப்படி உள்ளே வைப்பார்கள் என்பதுதான் நான் காத்திருந்து பார்க்கும் விஷயம். ஏறத்தாழ 1,000 கிலோ எடையில், பாதசாரி மோதினால் தானே உயரும் பானட்டையும் வைத்திருக்கும் மாஸ்டா எம்.எக்ஸ்-5 அதற்கு நல்ல முன்மாதிரி. அது இந்தியாவில் விற்கப்படவில்லை. அதன் அடுத்த தலைமுறைக்கு டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜின் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். குன்னூரின் காற்றில் 2.5 லிட்டர் இன்ஜின், சமவெளியில் 2 லிட்டர் இன்ஜின் இழுக்கும் அளவுக்கே காற்றை இழுக்கும். இரண்டாம் கியரில் மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் ஒரு லிட்டரைவிட அது வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும். என் வண்டிக்கு அடுத்த வாரம் முன் டிஸ்க்குகளையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.