மூன்று அலையா, நான்கு அலையா? சூடாகிச் சுழலும் நீருக்கு எந்தக் கணித மாதிரி

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவில் வளைய வடிவ இடைவெளி, அதில் நீர். வெளிச்சுவர் சூடு, உள்சுவர் குளிர், மொத்தத்தையும் ஒரு மேசைமேல் ஏற்றிச் சுழற்ற வேண்டும். 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் புவி இயற்பியலாளர் ரேமண்ட் ஹைட் இதைச் செய்தபோது அவர் மனத்தில் இருந்தது பூமியின் உட்கரு; கண்ணில் பட்டதோ வானிலைக்காரர்கள் பார்க்கும் ஜெட் ஓட்டம் (உயரத்தில் வேகமாக வீசும் காற்று) போல வளைந்து வளைந்து ஓடும் நீர். மெதுவாகச் சுழற்றினால் ஓட்டம் வட்டச் சமச்சீராக இருக்கும், வேகத்தைக் கூட்டினால் ஒழுங்கான அலைகள் வரும், இன்னும் கூட்டினால் எல்லாம் கலைந்து தாறுமாறாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதே வெப்பநிலை வித்தியாசம், அதே சுழல் வேகம் இருந்தும் ஒரு தடவை மூன்று அலை நிற்கும், இன்னொரு தடவை நான்கு நிற்கும், எது நிற்கும் என்பது அந்த வேகத்துக்கு நீங்கள் எந்தப் பக்கமிருந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக, எந்த மாதிரியை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை அலை வரும் என்று சொல்லத் தெரியுமா?

முதலில் வானிலையாளர் ஈடியின் 1949 மாதிரி. பேப்பரும் பேனாவும் போதும். சிறு சலனம் ஒன்று வளருமா அழியுமா என்று பார்க்கிறது, எந்த அலைநீளம் வேகமாக வளரும் என்றும் சொல்கிறது: ராஸ்பி உருமாற்ற ஆரத்தைப் (சுழற்சியின் விளைவு மிதப்பின் விளைவுக்கு ஈடாகும் தூரம்) போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நடு அட்சரேகை வளிமண்டலத்தில் அந்த ஆரம் சுமார் 1000 கிலோமீட்டர், ஆக அலை சுமார் 4000, வானிலைப் படத்தில் தெரியும் அளவுக்கு அது பொருந்துகிறது. இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு கிடைப்பது அபூர்வம். ஆனால் ஈடியிடம் உராய்வே இல்லை. அதனால் டெய்லர் எண் (சுழற்சியை உராய்வோடு ஒப்பிடும் எண்) குறைவாக இருக்கும்போது அலையே வராமல் போவதை அவர் மாதிரியால் சொல்ல முடியாது. அதற்கு, தரையை ஒட்டி உராய்வு வேலை செய்யும் மெல்லிய அடுக்குகளான எக்மன் படலங்களைச் சேர்த்து 1964இல் பார்சிலான் வர வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, பிறக்கும்போது வேகமாக வளரும் அலைதான் கடைசியில் நிலைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

அடுத்து, வானிலையாளர் லாரென்ஸ் பாணியில் சமன்பாடுகளை ஒரு சிலவாகச் சுருக்குவது. இங்கே பலரும் குழப்பிக்கொள்வதைச் சொல்லிவிடுகிறேன்: வண்ணத்துப்பூச்சி போலப் படம் வரும் அந்த மூன்று சமன்பாடுகளில் சுழற்சி கிடையாது, அது வெறும் வெப்பச்சலனம். சுழலும் தொட்டிக்காக அவர் தனியாக எழுதியவை இருக்கின்றன; அலையின் உயரம் கூடிக் குறைந்து ஊசலாடுவதை விளக்க 1963இல் 14 சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார். ஊசலாட்டம் ஏன் வருகிறது, ஒழுங்கு எப்படிக் குலைகிறது என்பதையெல்லாம் புரிந்துகொள்ள இது அருமை. ஆனால் நம் கேள்விக்கு இது தேறாது, ஏனென்றால் இத்தகைய மாதிரிகளில் எத்தனை அலை என்பதை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வினாத்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

குவாசி ஜியோஸ்ட்ரோபிக் மாதிரி, அதாவது அழுத்த விசையும் சுழற்சி விசையும் ஏறக்குறையச் சமன் என்று எடுத்துக்கொள்வது, எளிமைக்கும் முழுமைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1956இல் பிலிப்ஸ் இரண்டு அடுக்கு வைத்து வளிமண்டலத்தையே கணினியில் ஓட்டியது இதை வைத்துத்தான். வளிமண்டலத்துக்குச் சரி. தொட்டிக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, காரணம் தொட்டியில் வெப்பம் நுழைவதே பக்கச் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் வழியாகத்தான், அந்தப் படலத்தை இந்த மாதிரி பார்ப்பதே இல்லை.

சரி, எதையும் சுருக்காமல், திரவ ஓட்டத்தின் முழுச் சமன்பாடுகளான நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை முப்பரிமாணத்தில் அப்படியே ஓட்டினால் என்ன? பூசினெஸ்க் தோராயம் மட்டும் போதும், அதாவது மிதப்பு விசையைத் தவிர மற்ற இடங்களில் அடர்த்தியை மாறிலியாக வைப்பது. நொடிக்கு 1 ரேடியன் வேகத்தில் நீரின் எக்மன் படலம் சுமார் 1 மில்லிமீட்டர். தொட்டியின் ஆழம் 14 சென்டிமீட்டர் என்றால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே சில கட்டப் புள்ளிகள் (கணினி கணக்குப் போடும் இடங்கள்) வேண்டும், கட்டத்தை இரண்டு மடங்கு நுணுக்கினால் காலப் படியையும் சேர்த்து வேலை 16 மடங்கு. இன்றைய கணினிக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. என் குறை வேறு. கணினியில் ஒரு முறை ஓட்டினால் ஒரு விடைதான் கிடைக்கும். மூன்று அலை வந்தது என்றால், நான்கும் வந்திருக்குமா என்று தெரிய வேறு தொடக்க நிலையிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும், அப்புறம் இன்னொன்று. அதோடு அலை தோன்றும் எல்லைக்கு அருகே வளர்வீதம் சுழியை நெருங்குவதால் ஓட்டம் நிலைக்கு வரவே மாட்டேன் என்கிறது, நமக்கு எந்த இடம் முக்கியமோ அங்கேயே இது நொண்டுகிறது.

அங்கேதான் கிளைப்பிரிவுப் பகுப்பாய்வு, அதாவது ஒரு நிலையிலிருந்து புதிய நிலைகள் கிளைக்கும் இடங்களைத் தேடுவது, வருகிறது, என் ஓட்டு இதற்கே. இதுவும் முழுச் சமன்பாடுகளைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் காலத்தில் ஓட்டுவதில்லை. முதலில் வட்டச் சமச்சீரான ஓட்டத்தை நியூட்டன் முறையில் நேரடியாகக் கண்டுபிடிக்க வேண்டும்; ஆரமும் உயரமும் மட்டும் இருப்பதால் கணக்கு இருபரிமாணத்தில் முடிந்துவிடும். அதன்மேல் சிறு சலனத்தைப் போட்டால் இரண்டு அலை, மூன்று அலை, நான்கு அலை எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன (சமச்சீர் தரும் இலவசப் பரிசு), ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐகன்மதிப்புக் கணக்கு (அந்த அலை வளருமா தேயுமா என்று சொல்லும் எண்ணைத் தேடுவது). எந்தச் சுழல் வேகத்திலும் வெப்பநிலை வித்தியாசத்திலும் இரண்டு வகை அலைகள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்குகின்றனவோ, அங்கே அவற்றின் வீச்சுகளுக்கு (உயரங்களுக்கு) ஒரு சின்னச் சமன்பாட்டுத் தொகுதி கிடைக்கிறது. இதுவும் சிறியதுதான், ஆனால் லாரென்ஸ் பாணியில் நாம் தேர்ந்தெடுத்துத் திணித்தது அல்ல. குணகங்கள் முழுச் சமன்பாட்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அவற்றைப் பார்த்தாலே மூன்றும் நான்கும் இரண்டுமே நிலையானவையா, ஒன்றை ஒன்று விரட்டிவிடுமா என்று தெரிந்துவிடும். தொட்டியில் கண்ட வரலாற்றுச் சார்பு தாளில் வந்து நிற்கிறது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அலை பிறக்கும் எல்லையை விட்டு விலக விலக இந்தச் சின்னச் சமன்பாடுகள் நம்பத்தக்கவை அல்ல, தாறுமாறான ஓட்டத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. அங்கே முழு சிமுலேஷன்தான், வேறு வழி கிடையாது. நிரல் எழுதுவதும் சுலபமில்லை, பெரிய ஐகன்மதிப்புக் கணக்குகளோடு மல்லுக்கட்டிப் பழகியிருக்க வேண்டும்.

எதை எடுத்தாலும், சுழல் வேகத்தைக் கூட்டும்போது பூசினெஸ்க் தோராயத்தில் மைய விலக்கு மிதப்பை (சுழற்சியின் வெளித்தள்ளலால் வரும் மிதப்பு) விட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் நொடிக்கு 1 ரேடியன் என்றால் மைய விலக்கு முடுக்கம் புவியீர்ப்பில் 1 சதவீதம், யாருக்கும் கவலையில்லை. 5 ரேடியனில் அது 25 சதவீதம் ஆகிவிடும்.