"பின்னாடி புகை வருதான்னு பாருங்க பாய்" என்றான், இறங்கினேன், நாலே முக்கால் லட்சம் போச்சு

பழைய காரைச் சொந்தமாக விற்கலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்தில் தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நான் கதவைத் திறந்து இறங்கிய காரை என் கண் முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேசி முடித்த விலை 4,75,000 ரூபாய். நாலே முக்கால் லட்சம்.

கார் என் வாப்பாவுடையது. 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வண்டலூர் தொழிற்சாலையில் செய்தது, இரண்டு கதவு, 948 சிசி. ஹெரால்டு தெரிந்தவர்களுக்கு இது தெரியும், அதன் கூரை தனியாக போல்ட் போட்டு மாட்டியது, கழற்றினால் வந்துவிடும். வாப்பா அதை மதுரையில் ஒரு பட்டறையில் கழற்றிவிட்டு, மடக்குகிற மாதிரி கித்தான் கூரை தைத்துப் போட்டார். எனக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆகுமா என்று சண்டைக்கு வராதீர்கள். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒன்று வந்ததே, அது இந்த ஹெரால்டின் சேசியை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிச் செய்ததுதான். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. கீழக்கரைத் தெருக்களில் வாப்பா இந்த வண்டியை ஒரே ஒடியில் திருப்புவதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் நிற்போம். 25 அடிக்குள் முழு வட்டம் போட்டுவிடும், இன்றைக்கு வருகிற பெரும்பாலான கார்கள் கிட்டே வராது.

விற்க மனசில்லைதான். ஆனால் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அது போக, நம் கடற்கரை உப்புக் காற்றுக்கு சேசி வருஷம் ஒரு தடவை எங்காவது ஓட்டை விழும், இரண்டு தடவை நானே வெல்டிங் வைத்தேன். எனக்குப் படகு இன்ஜின் வேலை, அதனால் இதுவரை தாக்குப்பிடித்தது. வாப்பா மவுத்தான பிறகு ஃபாரம் 31 போட்டு என் பெயருக்கு மாற்றி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டி, எல்லாம் சுத்தமாக வைத்திருந்தேன். அந்தச் சுத்தம்தான் கடைசியில் திருடனுக்கு உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய வண்டி வாங்க விற்க ஒரு ஆப். பெயர் சொல்லவில்லை, சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். சும்மா விளம்பரம் போட்டால் இலவசம். 1,499 ரூபாய் கட்டினால் "சரிபார்க்கப்பட்ட" ஆட்கள் மட்டும்தான் பேசுவார்களாம், பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கும். கட்டினேன். பத்துப் பதினோரு நாள் வந்ததெல்லாம் எடைக்குப் போடுகிற விலைக்குக் கேட்கிற ஆட்கள். ஒருத்தர் இன்ஜினை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியுமா என்றார், போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் இவன் வந்தான். பச்சை டிக். மதுரைப் பக்கம் என்றான், முப்பது வயசு இருக்கும். மூன்று நாள் போனில் பேசினான், விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் வண்டியைப் பற்றித்தான். "பாய், முன் சக்கரம் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கிறீங்களா, ஆயில் விடுறீங்களா?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேயே நான் விழுந்துவிட்டேன். ஹெரால்டு வைத்திருக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது தெரியாது. ட்ரன்னியன் என்பது முன் சக்கரம் திரும்புகிற மூட்டு, அது பித்தளை மரை, அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அடித்தால் உள்ளே போகாமல் காய்ந்து மரை தேய்ந்து ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். வாப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அது. அதைக் கேட்கிற ஒருத்தன் திருடனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றுமா, நீங்களே சொல்லுங்கள். இப்போது யோசித்தால், திருடனுக்கும் தொழில் தெரியத்தானே வேண்டும்.

யுபிஐயில் ஐயாயிரம் டோக்கன் அட்வான்ஸ் போட்டான். பணம் நிஜமாகவே வந்தது, ஸ்கிரீன்ஷாட் ஏமாற்று வேலை இல்லை. மீதியை ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வங்கி வழியாகப் போட்டுவிடுகிறேன், திங்கட்கிழமையே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகலாம், பெயர் மாற்றுகிற ஃபாரம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புக்கோடு வண்டியிலேயே வைத்துவிடுங்கள் பாய், அலைய வேண்டாம் என்றான். நானும் மடையன் மாதிரி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். இன்னொருத்தன் மெக்கானிக்காம். வீட்டில் டீ குடித்தார்கள், மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். பானெட்டைத் திறந்தோம். ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாயும், சக்கரம் வரைக்கும் எல்லாம் வெளியே தெரியும். அவன் உட்கார்ந்து பார்த்த விதம், டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி. வந்த பைக்கை என் வாசலில் நிறுத்தி, லைசென்ஸை என் கையில் கொடுத்து, "நம்பிக்கைக்கு வச்சுக்கோங்க பாய்" என்றான். என் வீட்டம்மா மட்டும் உள்ளேயிருந்து, "என்னங்க, தனியாப் போகாதீங்க, தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தம்பி கடையை மூட ஒரு மணி நேரம் ஆகும் என்று நான்தான் கிளம்பிவிட்டேன்.

முதலில் நான் ஓட்டினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி விலக்கு தாண்டியதும் மாறிக்கொண்டோம். அவன் ஸ்டியரிங், நான் பக்கத்தில், மெக்கானிக் பின் சீட்டில். கீழ் கியருக்கு மாற்றும்போது சத்தமே வராமல் மாற்றினான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட, சரியான கையில்தான் போகிறது என்று. சாயல்குடி போகிற வழியில், இரண்டு பக்கமும் பனைமரம் தவிர ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் ஓரங்கட்டினான். "பாய், ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு அப்புறம் ஒரு மிதி மிதிக்கிறேன், பின்னாடி புகை வருதான்னு பாருங்க. நீங்க இன்ஜின் தெரிஞ்ச ஆளு, நீங்க சொன்னா சரி."

இது நிஜமான சோதனை. ஐடிலில் விட்டு மிதித்தால் நீலப் புகை வந்தால் வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது என்று அர்த்தம், நானே படகு இன்ஜினுக்குச் செய்வேன். அதனால்தான் சந்தேகமே வரவில்லை. போனை டேஷ்போர்டில் வைத்திருந்தேன், அப்படியே விட்டு இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மிதித்தான். புகை வரவில்லை. "சுத்தமா இருக்கு தம்பி!" என்று கத்தினேன். கடைசியாக நான் சொன்ன வார்த்தை அதுதான். வண்டி கிளம்பிவிட்டது.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மெதுவாக வேகம் பிடிக்கிற வண்டிதான், ஆனால் ஐம்பத்து மூன்று வயசுக்காரன் ஓட்டத்துக்கு அது போதும். பின் சீட்டில் இருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன் இல்லை. ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு அதே திசையில் விரட்டினார். ஆறேழு கிலோமீட்டரில் பதனீர் விற்கிற அம்மா ஒருத்தர், "சினிமாக்காரங்களா நீங்க? இப்பத்தான் அந்தச் சின்னக் காரைப் பெரிய லாரிக்குள்ள ஏத்துனாங்க" என்றார். மூடின கண்டெய்னர் லாரி, மத்தியானத்திலிருந்தே பனை நிழலில் நின்றதாம். அதற்குமேல் எங்கே தேடுவது.

வீட்டு வாசலில் விட்டுப்போன பைக் திருட்டு பைக். லைசென்ஸ் போலி. நாலே முக்கால் லட்சத்துக்கு அடமானம் ஒரு பிளாஸ்டிக் அட்டை.

முதலில் போன ஸ்டேஷனில், எது என்று சொல்லவில்லை, "சாவிய நீங்களேதான குடுத்தீங்க, அட்வான்ஸும் வாங்கியிருக்கீங்க, இது கொடுக்கல் வாங்கல் தகராறு" என்றார்கள். அதோடு சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை என்று ஒரு பல்லவி. ராத்திரி சொந்தக்கார வக்கீல் ஒருத்தர் வந்த பிறகுதான் பேச்சு மாறியது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அதற்குப் பெயர், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவிலேயே இருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். மோசடிக்கான பழைய 420 எல்லாம் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டதாம். முதலில் புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது, மறுநாள் எஃப்.ஐ.ஆர். இதற்கே ஒன்றரை நாள் போய்விட்டது, லாரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ.

அந்த ஆப்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் சும்மா விட மனசு வரவில்லை. கஸ்டமர் கேர் எண் என்று ஒன்று கிடையாது, ஒரு ரோபோ சாட். "என் கார் திருடுபோய்விட்டது" என்று எழுதினால், "உங்கள் விளம்பரத்தைத் திருத்த 1-ஐ அழுத்தவும்" என்கிறது. பதினாறு தடவை எழுதிய பிறகு ஒரு பொண்ணு போனில் வந்தது, ரொம்ப மரியாதையாக, "சார், நாங்க வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் சேர்த்து மட்டும்தான் வைக்கிறோம், பரிவர்த்தனைக்கு நாங்க பொறுப்பில்ல" என்றது. அப்போ பச்சை டிக் என்னம்மா என்றேன். "அது மொபைல் நம்பர் ஓடிபி சரிபார்த்ததுக்கு சார்." அதாவது ஒரு சிம் கார்டு இருந்தால் பச்சை டிக்! அதற்கு என்னிடம் 1,499 ரூபாய். அவன் கணக்கு விவரம் கேட்டால், அந்தக் கணக்கை நீக்கிவிட்டோம், போலீஸ் எழுத்தில் கேட்டால் பார்ப்போம். மறுநாள் மறுபடி அழைத்தேன், வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் டிக்கெட்டை மூடிவிட்டோம் என்று மெசேஜ், கூடவே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

இன்னொரு கூத்து. அந்த ஐயாயிரம் வந்த கணக்கு வேறு எங்கேயோ ஒரு சைபர் புகாரில் இருக்கிறதாம், அதனால் என் வங்கிக் கணக்கில் ஐயாயிரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 4,75,000 போனது எனக்கு, சந்தேக லிஸ்டிலும் நான்! இன்சூரன்ஸ் கேட்பவர்களுக்கு: மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் இருந்தது, வண்டி திருடுபோனால் அதில் ஒரு பைசா வராது.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது, காலையில் மறுபடி ஸ்டேஷன். சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், வீட்டம்மா சொன்னால் கேளுங்கள். வண்டியிலிருந்து எதற்காகவும் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இன்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள், புகையை அவன் பார்க்கட்டும், நீங்கள் மிதியுங்கள். போன் சட்டைப் பையில் இருக்கட்டும். பழைய வண்டிகளில் நாலு ஒயரைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகும், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மறைவாகப் போடுங்கள், சில நூறு ரூபாய்தான், நானே படகுகளுக்கு மாட்டிக் கொடுத்தவன், என் காருக்கு மாட்டவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அரசாங்கத்தின் பரிவாகன் போக்குவரத்துத் தளத்தில் போட்டுப் பாருங்கள். முழுப் பணம் கணக்கில் ஏறும் முன் 29, 30-ல் கையெழுத்து வேண்டாம், அசல் ஆர்.சி.யை வண்டியில் வைக்கவே வைக்காதீர்கள். ஒழுங்காக விற்றாலும் பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களும் தெரிவித்தாக வேண்டும். பெயர் மாறாதவரை ரிஜிஸ்டரில் உள்ளவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தோடு என் வண்டி எங்கேயோ சுற்றுகிறது, நினைத்தால் தூக்கம் வரவில்லை. பெயர் மாற்றக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.ஐ.ஆர். நகலோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். கீழே மெரூன், மேலே கிரீம் நிறம், கறுப்புக் கித்தான் கூரை. நிறத்தை மாற்றியிருப்பார்கள். ஆனால் பானெட்டின் இடது பக்கக் கொக்கி உடைந்து போய், படகுக்குக் கட்டுகிற பச்சை நைலான் கயிற்றால் நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். கடலுக்குப் போகிற ஆள் தவிர யாருக்கும் அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.