மவுத் ஆர்கனும் தினசரிப் பயிற்சியும்: மரச்சட்டம் மேல் எனக்குள்ள கோபம்

இப்போதுதான் என் மவுத் ஆர்கனின் ரீட் பிளேட்டை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பித்தளை இதழ்கள் (ரீட்) பொருத்திய தகட்டை, மாற்றி முடித்தேன். நான்காம் துளையில் உறிஞ்சும்போது ஒலிக்கும் ரீட் சுருதி இறங்கிப் போயிருந்தது. தினமும் பென்ட் (வாய்க்குள் நாக்கை மாற்றி வைத்து ஸ்வரத்தின் சுருதியை இறக்குவது) பழகினால் பித்தளை ரீட் ஒருநாள் களைத்துத்தான் போகும், அதில் எனக்கு வருத்தமில்லை. என்னுடையது திருகாணி வைத்த மாடல், கழற்றி மாட்டுவது சுலபம். ஆணி அடித்ததாக இருந்தால் பெரும்பாடு.

என் கோபமெல்லாம் ரீட் பிளேட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மரச்சட்டத்தின் மேல்தான். சேர்ந்தாற்போல் இருபது நிமிஷம் வாசித்தால் எச்சில் ஈரத்தில் மரம் உப்பி, துளைகளுக்கு நடுவே உள்ள பற்கள் வெளியே துருத்திக்கொண்டு உதட்டை அறுக்கும். காய்ந்ததும் சுருங்கி, காற்று கசியும். மரத்தால்தான் நாதம் கனிவாக இருக்கிறது என்பார்கள். என் காதுக்கு பிளாஸ்டிக் சட்டத்திலும் அதே நாதம்தான் கேட்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஒழுங்கான பயிற்சி அமைந்ததே இந்தத் தொல்லையால்தான். நீளமாக வாசிக்க முடியாததால் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டேன். காலையில் பென்ட் கிடையாது. ஒரு துளை, ஒரு மூச்சு, அசையாத நீண்ட ஸ்வரம், அவ்வளவுதான். இரண்டாம் துளையில் உறிஞ்சும்போது நாதம் திக்குகிறது என்று புதிதாகப் பழகுகிறவர்கள் ரீட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் ரீட் நன்றாகத்தான் இருக்கும். தொண்டையைத் தளர்த்தி, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து உறிஞ்சினால் சரியாகிவிடும்.

மாலை முழுக்க பென்ட். பத்துத் துளை டயட்டோனிக்கில் (ஒரே சுருதிக்கு அமைத்த மவுத் ஆர்கன்) கீழ் ஸ்தாயியில் 'ம'வும் 'த'வும் கிடையாது. சி சுருதி ஆர்கனில் அவை எஃப், ஏ. இரண்டாம் துளையை உறிஞ்சி இரண்டு அரைஸ்வரம் இறக்கினால் 'ம', மூன்றாம் துளையை அதேபோல் இறக்கினால் 'த'. மூன்றாம் துளை மூன்று அரைஸ்வரம் வரை இறங்கும் என்பதால் நடுவில் இருக்கும் 'த' ஸ்வரத்தில் நிற்பதுதான் கஷ்டம். நாக்கு ஒரு இம்மி நகர்ந்தாலும் வழுக்கிவிடும். சுருதி காட்டும் ட்யூனர் ஆப்பைப் பார்த்துப் பழகுவதைவிட, 'ப' ஸ்வரத்தை டிரோனாக (இடைவிடாத பின்னணி ஒலியாக) ஒலிக்கவிட்டுக் காதால் பிடித்தபோதுதான் எனக்கு வசப்பட்டது. அந்த 'த' முதல்முறை ஆடாமல் நின்றபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வாசித்து முடித்ததும் துளைகள் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை இறக்கிவிட்டு, பெட்டியை மூடாமல் மேஜை மேலேயே வைத்துவிடுவேன். மரம் காயத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் கை தானாக எடுத்துவிடுகிறது. பழக்கம் விட்டுப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எதை வாங்கலாம் என்று நண்பர் கேட்டார். பிளாஸ்டிக் சட்டம்தான் வாங்குங்கள், மரம் வேண்டவே வேண்டாம். நான் மட்டும் புது ரீட் பிளேட்டை அதே மரச்சட்டத்தில்தான் மாட்டியிருக்கிறேன். முதல் சில நாள் பென்ட் இல்லாமல், மெதுவாக ஊதி ரீட்டைப் பழக்கப்போகிறேன்.