பாட்டியின் கேக்: ருசிக்கு மூன்று நட்சத்திரம், கைவேலைக்கு ஐந்து

இனிமேல் ஆர்டர் எடுக்க ஆள் இல்லாத ஒரு கேக் கடைக்கு விமர்சனம் எழுதுகிறேன். கடை என்று சொல்வதே அதிகம்தான். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பாட்டி வீட்டுச் சமையலறை, ஒரு பழைய ஓவன், சுழல் மேசை, பிஸ்கட் டின் நிறைய கிரீம் பிழிகிற நாசில்கள், சுவரில் ஒரு நாள்காட்டி. எந்தக் கிழமை யாருக்கு என்ன கேக் என்பதெல்லாம் அந்த நாள்காட்டியில் பென்சிலால் எழுதியிருக்கும். பெயர்ப்பலகை கிடையாது, பேஸ்புக் பக்கமும் கிடையாது. ஆனாலும் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம் எழுபது எண்பதுகளில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பல பேருடைய முதல் பிறந்தநாள் போட்டோவில் இருப்பது பாட்டி கேக்தான்.

அவர் தவறிய பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "அந்த ருசி இனிமே வராதும்மா." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ருசி சுமார்தான். மஞ்சள் ஸ்பாஞ்ச், கொஞ்சம் வறண்டிருக்கும், வெனிலா எசன்ஸ் தூக்கல், கிரீம் பல்லைக் கூச வைக்கிற இனிப்பு. இன்றைக்கு பங்சாரில் ஒரு துண்டு பதினெட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிற கேக்கோடு வைத்தால் பாட்டி ருசியில் தோற்றுவிடுவார். அவருக்கே அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். டீயோடு அவருக்கு மேரி பிஸ்கட் போதும், தன் கேக்கை ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கிரீம் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. வெண்ணெய் 32 டிகிரி வாக்கில் உருக ஆரம்பித்துவிடும், கோலாலம்பூர் மத்தியான வெயிலும் அதே 32, 33. ஏர்கான் இல்லாத மண்டபத்தில், மாப்பிள்ளை பெண் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே மேசையில் வைத்துவிடுகிற கேக்கில் சுத்த வெண்ணெய் போட்டால் பூவெல்லாம் வழிந்து தட்டுக்கு வந்துவிடும். அதனால் பிளாண்டா மார்ஜரினும், சூட்டில் சீக்கிரம் இளகாத ஷார்ட்டனிங் என்கிற கெட்டிக் கொழுப்பும் சரிபாதி, ஐசிங் சுகர் தாராளம். வாயில் கொஞ்சம் ஒட்டும், சரி, ஆனால் பூ நிற்கும். பாட்டிக்கு பூ நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பூவுக்குத்தான் ஐந்து நட்சத்திரம். கிரீம் பையைப் பிடிப்பதற்கு முன் ஐஸ் தண்ணீரில் கையை முக்கித் துடைத்துக்கொள்வார், உள்ளங்கைச் சூட்டில் பைக்குள்ளேயே கிரீம் இளகிவிடும் என்று. இடது கையில் தலை தட்டையான ஒரு பெரிய ஆணி, அதன் மேல் ஒரு சதுரத் துண்டு எண்ணெய்த் தாள். வலது கையில் 104-ஆம் நம்பர் நாசில், அதன் வாய் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூர்மை, அகலமான பக்கம் கீழே. முதலில் நடுவில் ஒரு குருத்து. அப்புறம் ஆணியை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே மூன்று இதழ், அதைச் சுற்றி ஐந்து, வெளியே ஏழு. வெளி இதழ் போடும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்ப்பார், அந்தச் சாய்ப்பில்தான் மொட்டு விரிந்து ரோஜாவாகும். பேசிக்கொண்டே செய்வார், பக்கத்து வீட்டுச் சண்டையைக் கதையாகச் சொல்லிக்கொண்டே ஒரு தட்டு நிறைய ரோஜா முடிந்திருக்கும்.

இதையெல்லாம் எந்த வகுப்பிலும் கற்றதில்லை. தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தபோது குவார்ட்டர்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு செரானி (யுரேசிய) ஆன்ட்டிதான் குரு. கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை வெள்ளைக்கரு ஐசிங் அடித்துத் தரப் போன பாட்டி, ஓரத்துக்குச் சிப்பி வரிசை, பக்கவாட்டில் நூல் தொங்குவது போன்ற வளைவு, அதன் மேலேயே இன்னொரு வரி என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். ஐசிங் மேல் ஐசிங்காக அடுக்குகிற இந்த வேலைக்கு லாம்பெத் முறை என்று பெயராம், இப்போது "விண்டேஜ் கேக்" என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் இளம் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பாட்டியின் விலைப்பட்டியலில் அதற்குத் தனிப் பெயரே கிடையாது, எல்லாமே "டிசைன் போட்டது"தான்.

அடுத்தது எழுத்து. இன்றைக்கு எந்தக் கேக் கடையில் போய்த் தமிழில் எழுதச் சொன்னாலும் முழிப்பார்கள், இல்லை அச்சடித்த ஒரு தாளை மேலே ஒட்டித் தருவார்கள். பாட்டி பெயரைத் தாளில் எழுதி, எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தை முதலில் கேக் நடுவில் போடுவார். அப்புறம் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். ஓரத்தில் இடம் போதாமல் கடைசி எழுத்து நசுங்கிப் போகவே போகாது. 'ஜ்ஞ', 'க்ஷ' வருகிற பெயர் என்றால் இரண்டு வெள்ளி கூடுதல், இது சத்தியமாக விளையாட்டு இல்லை.

இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்குச் சாவி வடிவ கேக்கும் கல்யாண அடுக்கு கேக்கும்தான் அவருடைய பெரிய ஆர்டர்கள். அடுக்கு கேக்கில் அடித்தட்டு மட்டும் நிஜம், மேலே உள்ளதெல்லாம் ஸ்டைரோஃபோம் மேல் கெட்டி ஐசிங். வெட்டத் தெரியாமல் மேலிருந்து வெட்டிய மாப்பிள்ளைகள் உண்டு. டெலிவரி, மாமாவின் புரோட்டோன் சாகாவில். கேக் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் மடியில், ஏர்கான் முழு வேகத்தில், ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் வரைக்கும் பாட்டி "மெதுவா ஐயா, மெதுவா ஐயா" என்று மாமாவின் உயிரை வாங்குவார்.

இனி குறைகள். வாடிக்கையாளர் சேவை மோசம். படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றால் பாதிக்கு மேல் மாற்றிவிட்டு, "இதுதான் உனக்கு நல்லா இருக்கும்" என்று கையில் கொடுத்துவிடுவார். நீல நிறப் பூ கேட்டால் திட்டு விழும். ஃபாண்டன்ட், அதாவது கேக் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவுத் தகடு, செய்யவே மாட்டார். பலவற்றில் மிருகத்திலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், சைவக்காரர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது ஒரு காரணம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும் என்பது இன்னொன்று. ஆனால் உண்மைக் காரணம் "தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்கு" என்பதுதான். விலையும் கன்னாபின்னா. தெரிந்தவர்களுக்கு மாவுக் காசுகூடத் தேறாது, பேரம் பேசுகிறவர்களுக்கு டபுள். அம்மா கணக்குப் போட்டுக் காட்டியபோதெல்லாம் பாட்டிக்குத் திடீரென்று காது கேட்காது.

நாசில் டின் இப்போது என் தங்கையிடம் இருக்கிறது. அவள் ஆர்டர் எடுப்பதில்லை, கேட்டு மெசேஜ் போடாதீர்கள்.

இந்த மாதிரிக் கேக் வேண்டும் என்பவர்கள் வீட்டில் செய்து கொடுக்கிற பேக்கர்களிடம் முதலில் இரண்டு விஷயம் கேளுங்கள். கிரீமில் ஷார்ட்டனிங் எவ்வளவு, பூவெல்லாம் கையில் பிழிந்ததா, வாங்கி ஒட்டியதா. மண்டபத்தில் ஏர்கான் இருந்தால் தைரியமாக வெண்ணெய் கிரீமே கேளுங்கள், ருசியும் கிடைக்கும். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் போனில் சொல்லாதீர்கள், பெரிய எழுத்தில் தாளில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், நடு எழுத்து எது என்று அதில் ஒரு வட்டமும் போட்டுக் கொடுங்கள்.